மறு: மறு: ஓவர்க்ளாக்கிங் – திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

சேலத்து வாத்தியார்:
நண்பர்களே, பாலிடெக்னிக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. அதில் ஓவர்க்ளாக்கிங்கின், அதாவது கணினிச் செயலியைத் தயாரித்தவர் குறித்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பதன், நன்மையும் ஆபத்தும் ஒரு பக்கம். அதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும். 1998இல் வந்த இன்டெல் செயலி செலரான் 300ஏதான் எடுத்துக்காட்டு. செயலியை மற்ற பாகங்களோடு இணைக்கும் தடமான பஸ்ஸின் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450இல் ஓடும். கூடுதல் காசில்லாமல் ஒன்றரை மடங்கு வேகம்! ‘மிகைக்கடிகாரமாக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வருகிறது.

நெல்லைப் புலவர்:
கடிகாரம் வேண்டாம் ஐயா. முல்லைப்பாட்டில் பொழுதளந்து அறிவோர் நாழிகை பார்த்தது ‘குறுநீர்க் கன்னல்’ கொண்டு. செயலியின் க்ளாக்கும் பொழுதை அளவிட்டுத் தருவதுதானே? ‘மிகுகன்னல்’ என்போம். இரண்டாயிரம் ஆண்டுச் சொல் சும்மா கிடக்கிறது.

கோவை ஆசிரியை:
புலவர் ஐயா, கன்னல் என்றால் கரும்பு என்பதே என் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் மிகுகன்னலைச் சர்க்கரை நோய் என்பார்கள். ஓவர்க்ளாக்கிங் என்றே விட்டால் என்ன?

சென்னை மொழிபெயர்ப்பாளர்:
விடலாம், ஆனால் வினையாக்கும்போது ‘ஓவர்க்ளாக் செய்யப்பட்ட’ என்று இழுக்கும். க்ளாக் என்பது இங்கே செயலியின் வேலைக்குத் தாளம் போடும் துடிப்பு. சூடேற்று, விலையேற்று போலத் ‘துடிப்பேற்று’. துடிப்பேற்றினாள், துடிப்பேற்றிய செயலி, துடிப்பேற்றம். வேகத்தைக் குறைத்தால் துடிப்பிறக்கம், அந்தச் சொல் இலவசம்.

நெல்லைப் புலவர்:
ஏற்றம் என்றதும் கிணற்றடியும் ஏற்றப்பாட்டும் நினைவுக்கு வந்துவிட்டன. சரி, ஒப்புகிறேன். கன்னலை அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.

ரிச்சி தெரு மெக்கானிக்:
நான் ஒப்பவில்லை சார். ஏற்றம் என்றால் ஏதோ நல்லது நடந்த மாதிரி இருக்கிறது. வேகத்தைக் கூட்டினால், செயலி தடுமாறாமல் ஓட வோல்டேஜையும் கூட்ட வேண்டிவரும். மின்செலவு வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் கூட்டினால் சூடு 33 சதவீதம் கூடிவிடும். கணினி சூட்டில் நின்றுபோனால்கூடத் தேவலாம். நிற்காமல் கணக்கைத் தப்பாகப் போடுவதுதான் ஆபத்து. அப்படி ஒருவருடைய கல்யாண வீடியோக்கள் கெட்டுப்போய், காரணம் பிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

அப்புறம், செயலி தானே வேகம் கூட்டிக்கொள்ளும் டர்போவும் துடிப்பேற்றம்தானே? ஆனால் அது தயாரித்தவர் வைத்த வரம்புக்குள் நடப்பது, வாரண்டி போகாது. வரம்பு தாண்டியதைச் சொல்ல ‘மிகைத்துடிப்பு’ என்று வையுங்கள். நன்னூலே ‘மிகைபடக் கூற’லைக் குற்றம் என்கிறது. சொல்லிலும் குற்றம் கொஞ்சம் தெரியட்டும்.

கோவை ஆசிரியை:
முதலில் சர்க்கரை, இப்போது இதயமா?

சேலத்து வாத்தியார்:
ஞாயிறு இரவு பதினொன்றரை. ‘துடிப்பேற்றம்’ என்று போட்டுவிட்டேன், முதல் வரியில் ‘அதாவது ஓவர்க்ளாக்கிங்’ என்ற துணையோடு. சூட்டுக் கணக்கை அப்படியே சேர்த்திருக்கிறேன், நன்றி. டர்போ பத்தியை மட்டும் எடுத்துவிட்டேன்.

ரிச்சி தெரு மெக்கானிக்:
பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதே டர்போ வேகம்தான் சார். பையன் முதலில் அதைத்தான் கேட்பான்.