புதுப்பிப்பு: தங்கச்சியின் நஞ்சுக்கொடி ஒட்டுதல்

தங்கச்சிக்கு இது மூன்றாவது சிசேரியன், நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேலேயே இருப்பதாக ஸ்கானில் சொன்னார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். ஒப்பரேஷன் கொழும்பிலேயே முடிந்தது. தாயும் பிள்ளையும் சுகம். கருப்பையை எடுக்க வேண்டி வந்தது. அந்தக் கவலை அவளுக்கு இருக்கிறது, எங்களுக்கும்தான்.

"நஞ்சுக்கொடியை மட்டும் கழற்றியிருக்கலாமே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வழக்கமாகப் பிள்ளை பிறந்ததும் அது தானாகப் பிரியும், கருப்பை சுருங்கி இரத்தக் குழாய்களை இறுக்கிவிடும். தழும்பில் உட்சவ்வு சரியாக இல்லாததால் இவளுக்கு அது தசைக்குள்ளேயே வேர்விட்டிருந்தது. அதைப் பிடுங்கினால் குழாய்கள் திறந்தபடியே நிற்கும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீட்டருக்கு மேல் இரத்தம் ஓடுகிறது, யோசித்துப் பாருங்கள். அதனால்தான் டாக்டர்கள் அதைத் தொடாமல் கருப்பையோடு சேர்த்தே எடுத்தார்கள்.

2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்தபடி மூன்றாவது சிசேரியனுக்கு வந்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு இப்படி ஒட்டியிருந்தது. ஆகவே முன்பு சிசேரியன் செய்தவர்கள், நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று ஸ்கானில் கட்டாயம் கேளுங்கள். முன்கூட்டியே தெரிந்ததால்தான் இவளுக்கு இரத்தமும் ஆட்களும் தயாராக இருந்தன.

அப்புறம், இரத்தம் தர முன்வந்த எல்லோருக்கும் நன்றி. இன்னும் விருப்பமுள்ளவர்கள் நாரஹேன்பிட்டி தேசிய இரத்த நிலையத்தில் கொடுக்கலாம்.