அஞ்சல்பெட்டி நிரம்பினால் மென்பொருளை மாற்றுவதில் பயன் உண்டா?

கேள்வி:
அலுவலகத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட 50 ஜிபி அஞ்சல்பெட்டி ஏறக்குறைய நிரம்பிவிட்டது. இது மைக்ரோசாஃப்டின் இணையவழி அஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் கணக்கு. அவுட்லுக் மென்பொருள் வழியாகப் பயன்படுத்துகிறேன். தண்டர்பேர்டு என்ற வேறு அஞ்சல் மென்பொருளுக்கு மாறினால் இடப் பிரச்சினை தீருமா, அல்லது பழைய அஞ்சல்களைப் பிஎஸ்டி (அவுட்லுக் அஞ்சல்களைச் சேமித்து வைக்கும் கோப்பு வகை) கோப்பாக என் கணினிக்கு நகர்த்திவிடலாமா? தணிக்கையில் பழைய கடிதங்களைக் கேட்பார்கள் என்பதால் எதையும் இழக்க இயலாது.

மறுமொழி 1:
மென்பொருளை மாற்றுவதால் சர்வரில் ஒரு எம்பி கூடக் குறையாது. அஞ்சல்கள் அங்கேதான் இருக்கின்றன, அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ அவற்றின் நகலைத்தான் காட்டுகிறது. முதலில் அஞ்சல்களை அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். பெரும்பாலும் இன்பாக்ஸை விட 'அனுப்பியவை' கோப்புறைதான் அதிகம் அடைத்திருக்கும், ஏனென்றால் ஓர் அறிக்கையைத் திருத்தித் திருத்தி நான்கு முறை அனுப்பினால் நான்கு இணைப்புகளும் அதில் தங்கிவிடுகின்றன. பதில் எழுதும்போது இணைப்பு உடன் செல்வதில்லை. ஃபார்வர்டு செய்யும்போது செல்கிறது. நீக்கிய அஞ்சல்களும் 'நீக்கியவை' கோப்புறையைக் காலி செய்யும் வரை உங்கள் ஒதுக்கீட்டில்தான் சேரும்.

மறுமொழி 2:
பிஎஸ்டி யோசனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவுட்லுக் 2010 முதல் பிஎஸ்டி கோப்பின் இயல்பான உச்ச அளவு 50 ஜிபி என்பதால் இடம் கொள்ளும். ஆனால் எல்லாக் கடிதங்களும் ஒரே கோப்பில், ஒரே வட்டில் இருக்கும். அந்த வட்டு பழுதானால் தணிக்கையாளரிடம் என்ன காட்டுவீர்கள்? அதை நெட்வொர்க் பகிர்வில் வைத்துத் திறப்பதையும் மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாக, ஆன்லைன் காப்பகத்தை இயக்கித் தருமாறு உங்கள் நிர்வாகியிடம் கேளுங்கள். அது தனி அஞ்சல்பெட்டி. இயல்பான விதிப்படி இரண்டு ஆண்டுகள் கடந்த அஞ்சல்கள் தாமாகவே அதற்கு நகரும், தேடலும் வேலை செய்யும். ஆனால் தண்டர்பேர்டு போன்றவை வழக்கமாகப் பயன்படுத்தும் ஐமேப் என்ற இணைப்பு முறை வழியாக இணைத்தால் இந்தக் காப்பகம் தெரியாது. உங்கள் மென்பொருள் தேர்வை முடிவு செய்ய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 3:
மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். தண்டர்பேர்டு நல்ல மென்பொருள்தான், வீட்டுக் கணக்குகளுக்கு நானே வைத்திருக்கிறேன். ஆயினும் யார் சொன்னாலும் அலுவலகக் கணக்கை, அஞ்சல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் இணைத்துவிடாதீர்கள். 'சர்வரில் நகலை விட்டுவை' என்ற தேர்வு நீங்கியிருந்தால், இறக்கிய அஞ்சல்கள் சர்வரிலிருந்து அகன்று அந்த ஒரு கணினியில் மட்டுமே மிஞ்சும். கணினி வட்டும் நிரம்பியிருந்தால் அது வேறு பிரச்சினை: அவுட்லுக் கணக்கு அமைப்பில், ஆஃப்லைனில் வைக்கும் காலத்தை ஓராண்டாகக் குறைத்தால் போதும், பழையவை சர்வரில் அப்படியே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அவுட்லுக்கிலேயே தொடர்கிறேன், காப்பகத்திற்காக நிர்வாகிக்கு விண்ணப்பித்துவிட்டேன். 'அனுப்பியவை' கோப்புறையில் பெரிய இணைப்புகளின் இறுதிப் பதிப்பு எங்கள் பகிர்வுக் கோப்பகத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வருகிறேன். தணிக்கைக் காலம் முடியும் வரை அஞ்சல் எதையும் நீக்கப் போவதில்லை.