ஏப்ரல் மாதத்து பேஸ்பால் பட்டியலை எப்படிப் படிப்பது, எவ்வளவு நம்புவது?

ஏற்காட்டுக் கணக்குப்பிள்ளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். கிரிக்கெட்டைத் தவிர வேறொரு விளையாட்டைப் பற்றி நான் எழுதுவது இதுவே முதல் முறை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் மகன் அமெரிக்காவில் டாம்பா நகரத்தில் வேலை செய்கிறான். 2023ஆம் ஆண்டு தமிழ்ப் புத்தாண்டு அன்று காலை, பூசைக்கு வேப்பம்பூவும் பழங்களும் எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், "சித்தப்பா, எங்கள் ஊர் அணி ஆடிய 13 ஆட்டங்களிலும் ஜெயித்துவிட்டது" என்று எழுதி, பட்டியல் ஒன்றின் படத்தையும் அனுப்பினான். அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் கிழக்குப் பிரிவு, ஏப்ரல் 13 ஆட்டங்கள் முடிந்த பிறகு இப்படி இருந்தது (வெற்றி, தோல்வி, வெற்றி விகிதம், பின்தங்கிய ஆட்டங்கள் என்ற வரிசையில்):

டாம்பா பே ரேஸ்: 13, 0, 1.000, –
நியூயார்க் யாங்கீஸ்: 8, 5, .615, 5
டொராண்டோ ப்ளூ ஜேஸ்: 8, 5, .615, 5
பால்டிமோர் ஓரியோல்ஸ்: 7, 6, .538, 6
பாஸ்டன் ரெட் சாக்ஸ்: 5, 8, .385, 8

அந்த ஆண்டு முடிவில் முதலிடம் பிடித்தது பால்டிமோர் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. இப்போது மறுபடியும் புதிய சீசன் தொடங்கி, அவன் தினமும் காலையில் பட்டியல் அனுப்புகிறான். "பார்த்தேன், நன்று" என்று பதில் போடுவதைத் தவிர எனக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. கடைசிக் கட்டத்தில் உள்ள எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? சில நாட்களில் அது நாலரை, ஐந்தரை என்று வருகிறதே, பாதி ஆட்டம் என்று ஒன்று எப்படி இருக்க முடியும்? எல்லாவற்றுக்கும் மேலாக, சீசன் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் இந்தப் பட்டியலை எவ்வளவு நம்பலாம்? கணக்கு எழுதுகிறவனுக்கே கணக்கு புரியவில்லை என்று சிரிக்காமல் விளக்கினால் மகிழ்வேன்.

அஸ்தம்பட்டி வாசகர் பதில்:

வணக்கம் ஐயா. முதலில் ஒரு சிறு திருத்தம். பழக்கத்தால் நாம் இதைப் புள்ளிப்பட்டியல் என்கிறோம். ஆனால் அதில் புள்ளி என்று எதுவுமே இல்லை. ஐ.பி.எல்.லில் வெற்றிக்கு 2 புள்ளி, மழை வந்தால் ஆளுக்கு 1, சமமானால் நெட் ரன் ரேட் என்றெல்லாம் உண்டு அல்லவா? அமெரிக்க பேஸ்பாலில் ஆட்டம் சமனில் முடிவதில்லை. 9 இன்னிங்ஸில் (இரு அணிகளும் மாறி மாறி ஒன்பது முறை அடித்தாடுவது) முடியாவிட்டால் முடிவு தெரியும் வரை ஆடுகிறார்கள். மழை பெய்து ஆட்டம் நின்றால் பெரும்பாலும் வேறொரு நாளில் ஆடிவிடுகிறார்கள். ஆகவே வெற்றி, தோல்வி என்ற இரண்டே எண்களிலிருந்து மற்ற எல்லாம் பிறக்கின்றன. வெற்றிகளை ஆடிய ஆட்டங்களால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். 8ஐ 13ஆல் வகுத்தால் .615. முன்னால் உள்ள சுழியத்தை எழுதாமல் விடுவது அவர்கள் மரபு.

கடைசிக் கட்டத்துக்கு வருவோம். முதல் அணியின் வெற்றிகளிலிருந்து உங்கள் அணியின் வெற்றிகளைக் கழியுங்கள். உங்கள் அணியின் தோல்விகளிலிருந்து முதல் அணியின் தோல்விகளைக் கழியுங்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுங்கள். யாங்கீஸுக்கு 13-8=5, 5-0=5, கூட்டினால் 10, பாதி 5. பால்டிமோருக்கு 6ம் 6ம் சேர்ந்து 12, பாதி 6.

அரை ஆட்டம் எப்படி வருகிறது என்பதை மறுநாள் நடந்ததைக் கொண்டே பார்க்கலாம். ஏப்ரல் 14 அன்று டொராண்டோ 6-3 என்று டாம்பாவைத் தோற்கடித்து அந்த ஓட்டத்தை நிறுத்தியது. டாம்பா 13-1, டொராண்டோ 9-5 என்று ஆனதால் இடைவெளி 5இலிருந்து 4 ஆனது. இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதினால் இப்படி ஒரு முழு ஆட்டம் நகரும். அன்று ஓய்வில் இருந்த ஓர் அணி 8-5 என்றே நின்றிருக்குமானால், அதன் இடைவெளி நாலரை. எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆட்டங்களை முடித்திராத காரணத்தால்தான் இந்த அரை தோன்றுகிறது. ஏப்ரலில் ஓய்வு நாளும் மழையும் குளிரும் ஆளுக்கு ஒரு விதமாக வருவதால், அரை எண்களை அதிகமாகப் பார்ப்பீர்கள்.

தேதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் முதலில் இதில்தான் குழம்பினேன். அவர்களின் கிழக்குக் கரையில் இரவு 7.05க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் விடியற்காலை 4.35; மேற்குக் கரையில் 7.10க்குத் தொடங்குவது நமக்குக் காலை 7.40. நீங்கள் காலைக் காப்பியோடு பார்க்கும் பட்டியலில் கலிபோர்னியா ஆட்டங்கள் சேர்ந்திருக்காது. பத்து, பதினொரு மணிக்குப் பார்ப்பதே நல்லது.

இரவு ஷிப்ட் பதில்:

கணக்கை மேலே நண்பர் அழகாகச் சொல்லிவிட்டார். நம்பலாமா என்ற கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன்.

ஒரு சீசனில் ஓர் அணி ஆடுவது 162 ஆட்டங்கள். அதில் 13 என்பது நூற்றுக்கு எட்டு. ஐ.பி.எல்.லில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள்; அதில் நூற்றுக்கு எட்டு என்றால் ஒரே ஓர் ஆட்டம்தான். முதல் ஆட்டம் முடிந்த மறுநாள் ஐ.பி.எல். பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு யார் கோப்பை வாங்குவார் என்று நாம் பேசுவோமா? (பேசுவோம். அது வேறு கதை.)

அதற்காக டாம்பாவின் 13 வெற்றிகளும் வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடவும் முடியாது. அந்த 13 ஆட்டங்களில் அவர்கள் எடுத்த ரன் 101, கொடுத்தது 30. முதல் ஒன்பது வெற்றிகளில் ஒவ்வொன்றும் குறைந்தது 4 ரன் வித்தியாசத்தில் வந்தது. பில் ஜேம்ஸ் என்ற பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் வகுத்த பழைய சூத்திரம் ஒன்று உண்டு: எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்கள், கொடுத்த ரன்கள் ஆகிய இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணிக்கு நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டிய வெற்றி விகிதம் ஏறக்குறைய வந்துவிடும். டாம்பாவுக்கு அது .919, அதாவது 13க்கு 12 வெற்றி. ஓர் ஆட்டம்தான் கூடுதல்.

ஆனால் யாரிடம் ஜெயித்தார்கள் என்று பாருங்கள். டெட்ராய்ட்டிடம் 3, வாஷிங்டனிடம் 3, ஓக்லாந்திடம் 3, பாஸ்டனிடம் 4. இந்த நான்கு அணிகளுமே அந்த ஆண்டு ஆடிய ஆட்டங்களில் பாதிக்கும் குறைவாகவே வென்றவை. ஓக்லாந்து 112 ஆட்டங்களில் தோற்றது. வாஷிங்டனில் ஆடிய மூன்றைத் தவிர மற்றவை எல்லாம் டாம்பாவின் சொந்த மைதானத்தில் நடந்தவை. பால்டிமோரை அவர்கள் அதுவரை சந்திக்கவே இல்லை. அந்த ஆண்டு இரு அணிகளும் மோதிய 13 ஆட்டங்களில் 8 பால்டிமோருக்குப் போயின.

பட்டியலில் தெரியாத இன்னொன்று அன்றைக்கே நடந்தது. 13ஆவது வெற்றியை பாஸ்டனிடம் 9-3 என்று பெற்ற அதே ஆட்டத்தில், டாம்பாவின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஜெஃப்ரி ஸ்ப்ரிங்ஸ் முழங்கைக் கோளாறால் நடுவிலேயே வெளியேறினார். அதுவரை ஆடிய 16 இன்னிங்ஸில் அவருடைய சராசரி (9 இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன், குறைவாக இருந்தால் நல்லது) 0.56. அதற்குப் பிறகு அறுவை சிகிச்சை, அந்த ஆண்டு முழுவதும் அவர் திரும்பவில்லை. மே மாதத்தில் ட்ரூ ராஸ்முசன், ஆகஸ்டில் ஷேன் மெக்லானஹான் என்று ஒருவர் பின் ஒருவராக அதேபோல் கைக் கோளாறால் வீழ்ந்தார்கள். பேஸ்பாலில் தொடக்க பிட்சர்கள் ஐந்து பேர் முறை வைத்து ஆடுவார்கள். ஒருவர் வீசிவிட்டால் நான்கைந்து நாள் ஓய்வு. ஐவரில் மூவர் போய்விட்டால் அந்த அணி பெயரளவில்தான் பழைய அணி. நீங்கள் காப்பித் தோட்டத்தில் இருப்பவர், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: மார்ச் மழையில் மலை முழுவதும் வெள்ளையாகப் பூத்தாலும், அடுத்த மழை சரியாக வந்து காய் பிடித்ததா என்று பார்த்த பிறகுதானே மூட்டைக் கணக்கு?

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அன்றைய தினம் பால்டிமோர் ஓக்லாந்திடம் 8-7 என்று, கடைசி இன்னிங்ஸில் அட்லி ரட்ச்மேன் அடித்த ஹோம் ரன்னால்தான் (நம் சிக்ஸர் போன்றது) தப்பியது. அந்த முடிவைப் பார்த்து இது 101 வெற்றி பெறப்போகும் அணி என்று யார் சொல்லியிருப்பார்? யாங்கீஸ் அன்று மினசோட்டாவிடம் முதல் இன்னிங்ஸிலேயே 9 ரன் கொடுத்து 11-2 என்று தோற்றபோது, அது ஒரு நாள் சறுக்கல் என்றுதான் எவரும் நினைத்திருப்பார். ஆண்டு முடிவில் அவர்கள் 82-80 என்று நான்காம் இடத்தில் நின்றார்கள். ஒரு நாள் முடிவு இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

ஐந்து ரோடு பதில்:

இரவு ஷிப்ட் அண்ணன் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டு ஏப்ரல் ஆட்டங்களுக்கு மதிப்பே இல்லை என்று யாராவது நினைத்துவிட்டால் அது தவறு. நான் அதில் முழுமையாக மாறுபடுகிறேன்.

அந்த 13 ஆட்டங்களை ஒதுக்கி வைத்துவிட்டு மீதி 149 ஆட்டங்களை மட்டும் கணக்கெடுங்கள். பால்டிமோர் 94-55, விகிதம் .631. டாம்பா 86-63, விகிதம் .577. அதாவது மீதியில் பால்டிமோர் 8 ஆட்டம் முந்தியது. அப்படியிருந்தும் இறுதியில் 101-61க்கும் 99-63க்கும் இடையில் இருந்தது வெறும் 2 ஆட்டம். ஏப்ரலில் கிடைத்த 6 ஆட்ட முன்னிலையைச் சேமிப்பாக வைத்துக்கொண்டுதான் டாம்பா கடைசி வரை போட்டியில் இருந்தது. ஏப்ரல் வெற்றியும் செப்டம்பர் வெற்றியும் கணக்கில் ஒரே எடை.

இன்னும் கூர்மையான சான்று அதே ஆண்டின் மேற்குப் பிரிவில் இருக்கிறது. ஹூஸ்டனும் டெக்சாஸும் 90-72 என்று சமமாக முடித்தன. முன்பு இப்படி நேர்ந்தால் 163ஆவது ஆட்டம் ஒன்று வைப்பார்கள். 2022 முதல் அதை நிறுத்திவிட்டு, இரு அணிகளும் தமக்குள் ஆடிய ஆட்டங்களில் யார் அதிகம் ஜெயித்தார் என்று பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் ஹூஸ்டன் பிரிவை வென்றது. சியாட்டில் 88-74 என்று முடித்து, ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் அடுத்த சுற்று வாய்ப்பை இழந்தது. ஏப்ரலில் கைநழுவவிட்ட ஏதாவது ஓர் ஆட்டத்தை அந்த ஊர் ரசிகர்கள் அக்டோபரில் எத்தனை முறை நினைத்திருப்பார்கள்! 2024இல் நாம் சென்னையின் நெட் ரன் ரேட்டை நினைத்து வருந்தியதைப் போலத்தான். முதல் 8 ஆட்டங்களில் ஒன்றே ஒன்று ஜெயித்த பெங்களூரு, சென்னையைப் போலவே 14 புள்ளி எடுத்து உள்ளே போனதைச் சேலத்தில் இன்னும் யாரும் மறக்கவில்லை.

பழைய உதாரணங்களும் இரண்டு பக்கமும் உண்டு. 1987இல் மில்வாக்கி 13-0 என்று தொடங்கி 91 வெற்றியோடு மூன்றாம் இடத்தில் முடித்தது. 1982இல் அட்லாண்டா அதே 13-0 தொடக்கத்தோடு பிரிவை வென்றது. 1984இல் டெட்ராய்ட் முதல் 40 ஆட்டங்களில் 35 ஜெயித்து, கோப்பையையும் எடுத்துக்கொண்டது. 2019இல் வாஷிங்டன் 19-31 என்று கிடந்து பிறகு கோப்பை வென்றது. மோசமான தொடக்கத்திலிருந்து மீளலாம். ஆனால் 1988இல் முதல் 21 ஆட்டங்களிலும் தோற்ற பால்டிமோர் மீளவில்லை, 107 தோல்வியோடு முடித்தது. என் சொந்த வழக்கம், 40 ஆட்டம் முடியும் வரை இடத்தைப் பார்க்காமல் ரன் வித்தியாசத்தைப் பார்ப்பது. இது விதியன்று, என் விருப்பம்.

ஏற்காட்டுக் கணக்குப்பிள்ளை மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. தோட்டத்துப் பேரேட்டின் பின்பக்கத்தில் ஐந்து அணிகளுக்கும் போட்டுப் பார்த்தேன். பாஸ்டனுக்கு 8 சரியாக வந்துவிட்டது. முதலில் வெற்றிகளை மட்டும் கழித்ததால்தான் இத்தனை நாள் குழப்பம் என்று தெரிகிறது.

இன்னும் ஒரு சந்தேகம். பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த டாம்பாவுக்கு அந்த ஆண்டு என்ன ஆனது? அண்ணன் மகன் அதைப் பற்றி மட்டும் எதுவும் எழுதவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

அஸ்தம்பட்டி வாசகர் பதில்:

ஒவ்வொரு லீக்கிலும் மூன்று பிரிவுகளின் முதல் அணிகளும், மற்றவற்றில் சிறந்த விகிதம் உள்ள மூன்று அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகின்றன. அந்த வழியில் டாம்பா உள்ளே வந்தது. ஐந்து ரோடு சொன்ன அதே டெக்சாஸிடம், சொந்த மைதானத்தில், இரண்டு ஆட்டத்திலும் தோற்று வெளியேறியது. அடுத்த சுற்றில் 101 வெற்றி பெற்ற பால்டிமோரையும் மூன்றுக்கு மூன்று என்று டெக்சாஸ்தான் வெளியேற்றியது. இறுதியில் கோப்பையும் அவர்களுக்கே. தம்பி எழுதாமல் இருந்ததற்குக் காரணம் புரிந்திருக்கும். இனிமேல் பட்டியலோடு, மறுநாள் ஆட்டத்தில் வீசப்போகும் பிட்சர்களின் பெயர்களையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.