கல்லூரி டீமுக்கு ஓசி பூட்ஸும் கவரில் காசும்: விதிமீறலா, வெறும் வயிற்றெரிச்சலா?

கேத்தி கார்னர்கிக் (கேள்வி)

ஊட்டி ஹெச்.ஏ.டி.பி. மைதானத்தில் ஆடிய ஒரு கல்லூரிக் கால்பந்து டீமைப் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாரமாக ஒரே ரகளை. எந்தக் கல்லூரி என்று இங்கே யாரும் எழுத வேண்டாம், வழக்கு வம்பு எதற்கு. சுற்றி வரும் குற்றச்சாட்டுகள் மட்டும் இவை:

ஒரு புரவலர் நாலு பையன்களுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். அவர்களுடைய ஹாஸ்டல் மெஸ் பில்லையும் அவரே கட்டுகிறார். ஜெயித்த ஆட்டத்துக்கு ஆளுக்கு 1,500 ரூபாய் கவரில் போகிறது. அதில் இரண்டு பேர் நாடுகாணி மலைப்பாதை இறங்கி கேரளாவில் நிலம்பூர் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடிக் காசு வாங்குகிறார்கள். இன்னொருவன் பெயருக்குத்தான் மாணவன், வகுப்புப் பக்கமே தலை காட்டுவதில்லை.

ஒரு கூட்டம் "அமெரிக்காவில் இதுக்கு டீமையே இழுத்து மூடினாங்க" என்கிறது. இன்னொரு கூட்டம் "அங்கேயே இப்போ சம்பளம் கொடுக்கிறாங்க, போய் வேலையைப் பாரு" என்கிறது. எது சரி? இங்கே எந்த விதி மீறப்பட்டது, அப்படி மீறியிருந்தால் புகார் எப்படிக் கொடுப்பது? விதி தெரிந்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

வெலிங்டன் ஸ்டாப்பர்

இரண்டு கூட்டமும் சொல்வது சரி. ஆனால் வேறு வேறு வருடத்துக்கு.

முதலில் ஒன்று: அங்கே சொல்வது அமெரிக்கன் ஃபுட்பால், நம் கால்பந்து இல்லை. கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். ஆனால் விதிச் சண்டை இதே மாதிரிதான். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு தவிர வீரன் எதுவும் வாங்கக் கூடாது என்று பல பத்தாண்டுகள் பிடிவாதமாக இருந்தது. சாப்பாட்டிலும் கணக்கு உண்டு. நொறுக்குத் தீனியாக பேகல் ரொட்டி கொடுக்கலாம், அதன்மேல் சீஸ் தடவினால் அது 'உணவு' ஆகிவிடும், விதிமீறல். சாப்பாட்டுக்கு வரம்பு வைக்கும் கூத்து 2014இல்தான் ஒழிந்தது.

டீமை மூடியது உண்மை. டெக்சாஸில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். 1987 பிப்ரவரியில் அந்த வருட சீசனையே ரத்து செய்தார்கள். 1988 சீசனைப் பல்கலைக்கழகமே விட்டுவிட்டது. ஒரு புரவலரின் பணத்திலிருந்து 13 வீரர்களுக்கு மொத்தம் சுமார் 61,000 டாலர், மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருந்தது. 1985இல்தான் ஒரு தண்டனை வாங்கியிருந்தார்கள், அதற்குப் பிறகும் பட்டுவாடா நிற்கவில்லை. வீரர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று மேலிடத்திலேயே முடிவெடுத்திருந்தார்கள். பல்கலைக்கழக நிர்வாகக் குழுத் தலைவராக இருந்து பிறகு மாநில கவர்னரான பில் கிளெமென்ட்ஸ் அதை ஒப்புக்கொண்டார். ஆக, மூடியதற்குக் காரணம் தொகை மட்டும் இல்லை. ஒருமுறை பிடிபட்ட பிறகும், நிர்வாகத்துக்குத் தெரிந்தே தொடர்ந்தது.

இதைக் கவனித்தால் மற்ற வழக்குகளும் புரியும். 2010 டிசம்பரில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக வீரர்கள் ஐந்து பேருக்கு ஆளுக்கு ஐந்து ஆட்டம் தடை வந்தது. சொந்த மோதிரம், ஜெர்சியை விற்றதும், பச்சை குத்துவதில் சலுகை வாங்கியதும் குற்றம். கோச் ஜிம் டிரெஸலின் வேலை போனது அந்தப் பச்சைக்காக இல்லை. விஷயம் அவருக்கு மின்னஞ்சலில் முன்கூட்டியே வந்திருந்தது, மறைத்துவிட்டு 'எதுவும் தெரியாது' என்ற படிவத்தில் கையெழுத்தும் போட்டார். 2011 மே மாதம் ராஜினாமா. அதே 2010இல் ஜார்ஜியா பல்கலைக்கழக வீரன் ஏ.ஜே. கிரீன் தன் ஜெர்சியை 1,000 டாலருக்கு விற்று நாலு ஆட்டம் உட்கார்ந்தான். தன் சட்டையைத் தான் விற்றதற்கு!

பெரிய அடி, தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக வீரர் ரெஜ்ஜி புஷ் விவகாரம். ஏஜென்ட் ஆக ஆசைப்பட்டவர்கள் அவர் குடும்பத்துக்கு வீடு உட்படச் செய்து கொடுத்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2010இல் இரண்டு வருடம் சீசன் இறுதி ஆட்டங்களுக்குத் தடை, 30 உதவித்தொகை இடங்கள் பறிப்பு, பழைய வெற்றிகள் அழிப்பு. அழிப்பு என்றால் எதிரணிக்கு வெற்றி போகாது, இவர்கள் கணக்கிலிருந்து மட்டும் நீங்கும். சிறந்த கல்லூரி வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை புஷ் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது இரண்டாவது கூட்டம். 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்றானது. 2025 ஜூனில் இன்னொரு வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதன்பின் கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருட உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு ஏறக்குறைய 2.05 கோடி டாலர். புஷ்ஷுக்குக் கோப்பை 2024 ஏப்ரலில் திரும்ப வந்தது. ஆனால் வெளியார் தரும் ஒப்பந்தம் 600 டாலரைத் தொட்டால் பதிவு செய்தே ஆக வேண்டும். பணம் இப்போது குற்றமில்லை, ஒளித்தால் குற்றம்.

குன்னூர் ஆஃப்சைடு

ஸ்டாப்பர் அண்ணா, பாடம் அருமை. ஆனா அந்தச் சட்டத்துக்கும் இந்த மலைக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவில் பையன் கையெழுத்துப் போட்ட விதிப்புத்தகத்தில் 'வாங்கக் கூடாது'ன்னு இருந்தது. நம்ம பையன் எதில் கையெழுத்துப் போட்டான்? நுழைவுப் படிவத்தில். அதில் பூட்ஸைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இங்கே கேட்பது வேற. கல்லூரியில் முழுநேர மாணவனா, வயது வரம்புக்குள் இருக்கானா, பிளஸ் டூ முடித்து எத்தனை வருடம் ஆச்சு, எங்கேயாவது முழுநேர வேலையில் இருக்கானா. நீலகிரிக் கலைக் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருது. பல்கலைக்கழக டீமுக்குப் போனால் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் தகுதி விதி. அங்கேயும் இதே கேள்விகள்தான். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவில் ஜெயிச்சா அரசே வீரனுக்குப் பரிசுப்பணம் கொடுக்குது. அப்புறம் 1,500 ரூபாய் கவரைப் பார்த்து ஏன் அலறணும்?

உங்க அஞ்சு குற்றச்சாட்டில் எடுபடக்கூடியது கடைசி ஒண்ணுதான், வகுப்புக்கே வராத பையன். மத்ததெல்லாம் தோற்ற டீமோட புலம்பல்.

பூட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. குழுக்களில் சுற்றும் போட்டோவில் இருப்பது சின்னச் சின்ன ரப்பர் குமிழ் போட்ட டர்ஃப் பூட்ஸ். மழை பெய்த ஊட்டி மண்ணில் அதைப் போட்டுத் திரும்பினா கால் நிற்காது. ஈர மைதானத்துக்கு முன்னால் நாலு பின்னால் ரெண்டுன்னு திருகுற நீள ஸ்டட், இல்லாட்டி உயரமான வார்ப்பு ஸ்டட். லஞ்சம் கொடுக்கிறவர் அதையாவது கேட்டு வாங்கியிருக்கலாம்.

கூடலூர் ஏழுபேர்

ஆஃப்சைடு தம்பி நாலாவது குற்றச்சாட்டை லேசாகத் தள்ளிவிட்டார். ஆபத்து அதில்தான்.

செவன்ஸ் கேரள கால்பந்து சங்கத்தின் கீழ் இல்லை. அதற்குத் தனிச் சங்கம், தனி நடைமுறை. நெல் அறுத்த வயலில் மூங்கில் கேலரி கட்டி, இரவு விளக்கில் ஆட்டம், டிக்கெட் வசூல். ஆள் எடுப்பது ஆட்டக் கணக்கில். காசு ஆட்டம் முடிந்ததும் கையில், ரசீது கிடையாது.

அந்தக் காசால் பையன் 'புரொஃபஷனல்' ஆகிவிட்டான் என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. ஃபிஃபாவின் வீரர் பதிவு விதிப்படி தொழில்முறை வீரன் என்றால் இரண்டு சேர்ந்து இருக்க வேண்டும்: எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், ஆடுவதற்கு ஆகும் செலவுக்கு மேல் வருமானம். ஒப்பந்தம் இல்லாத கவர் அவனைக் காகிதத்தில் அமெச்சூராகத்தான் வைத்திருக்கும். ஒருவேளை ஏதாவது கிளப்பில் ஒப்பந்தம் போட்டிருந்தால், கடைசியாகத் தொழில்முறையில் ஆடிய நாளிலிருந்து 30 நாள் கழியாமல் அமெச்சூராகத் திரும்பப் பதிவு செய்ய முடியாது. மாவட்ட லீக் ஆடுகிற பையன்கள் இதில் மாட்டுகிறார்கள். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் மையப் பதிவில் ஒரு கிளப் பெயர் இருக்கும், பையன் வேறொரு கிளப்புக்கு 'சும்மா' ஆடியிருப்பான். ஒரு சீசனில் மூன்று கிளப் வரை பதிவு செய்யலாம், ஆனால் இரண்டுக்குத்தான் ஆட்டத்தில் இறங்கலாம்.

அடுத்தது உடம்பு. சனி இரவு நிலம்பூரில் ஆடி, ஆட்டம் முடிய நள்ளிரவு ஆகி, ஜீப்பில் நாடுகாணி ஏறி விடிகாலை கூடலூர் வந்து, அங்கிருந்து ஊட்டிக்குப் பஸ். அந்தக் காலோடு திங்கள்கிழமை கல்லூரி ஆட்டம். கீழே சூட்டில் ஆடிவிட்டு 2,200 மீட்டர் உயரத்துக் குளிரில் சரியாக வார்ம்அப் இல்லாமல் இறங்கினால் முதலில் போவது தொடையின் பின்தசை. முழங்கால் தசைநார் அறுந்தால் கோவையில் ஆபரேஷன் செலவு லட்சத்தைத் தாண்டும், ஆறு மாதத்துக்கு மேல் ஆட்டம் இல்லை. செவன்ஸ் கமிட்டி பொறுப்பேற்காது. கல்லூரியும் 'எங்கள் ஆட்டத்தில் நடக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிடும். கவர் கொடுத்த புரவலர் போனை எடுக்க மாட்டார். முறையற்ற ஆதாயம் என்று பேசுகிறோமே, ஆதாயம் யாருக்கு?

கேத்தி கார்னர்கிக்

நன்றி அண்ணா. அப்போ மெஸ் பில்? அதுவும் ஒன்றுமில்லையா? சீனியர்கள் சிலர் அதைத்தான் பெரிய ஊழல் என்கிறார்கள்.

வெலிங்டன் ஸ்டாப்பர்

புரவலர் கட்டுவது தவறில்லை, கட்டும் வழிதான் முக்கியம். நன்கொடையாகக் கல்லூரிக் கணக்குக்குச் செக் எழுதி, ரசீது வாங்கி, 'விளையாட்டு மாணவர் உணவுச் செலவு' என்று தலைப்புப் போட்டு, யார் யாருக்கு என்பதை முதல்வரும் உடற்கல்வி இயக்குநரும் கையெழுத்திட்டு முடிவு செய்தால் யாரும் வாய் திறக்க முடியாது. நாலு பேருக்கு மட்டும், அதுவும் புரவலர் கைகாட்டிய நாலு பேருக்கு மட்டும் கையில் போனால், நாளைக்கு டீமில் யார் ஆடுவது என்பதையும் அவரே முடிவு செய்வார். பதினெட்டுப் பேர் பட்டியலில் மீதி பதினாலு பேர் என்ன நினைப்பார்கள்? டிரஸ்ஸிங் ரூம் உடைவது இப்படித்தான்.

வெற்றிக்கு மட்டும் பணம் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. விதியில் இல்லாவிட்டாலும் அது கெட்ட பழக்கம். ஜெயிக்கக் காசு வாங்கிப் பழகியவனிடம் நாளை ஒருவன் தோற்கவும் காசோடு வருவான். அது சூதாட்டம், அங்கே எந்த நாட்டிலும் மன்னிப்பு இல்லை.

குன்னூர் ஆஃப்சைடு

அந்தக் கடைசிப் பத்தியை ஒத்துக்கிறேன். மீதியில் என் கருத்து அப்படியே.

புகார் எப்படின்னு கேட்டீங்க. ரசிகர் புகார் கொடுக்க முடியாது, முதலில் அதைப் புரிஞ்சுக்கோங்க. எதிர்த்து ஆடிய டீமின் மேனேஜர், எழுத்தில், கையெழுத்தோடு, போட்டிச் சுற்றறிக்கையில் சொன்ன நேரத்துக்குள், சொன்ன கட்டணத்தோடு அமைப்புச் செயலாளரிடம் கொடுக்கணும். நேரம் தாண்டினா பிரிக்காமலே திருப்பிடுவாங்க. தகுதி சம்பந்தமான சந்தேகத்தை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லி, நடுவர் அறிக்கையில் குறிக்க வைப்பது நல்லது. தோத்த பிறகு கொடுத்தா 'இவ்வளவு நேரம் ஏன் சும்மா இருந்தீங்க'ன்னுதான் முதல் கேள்வி வரும்.

மனுவில் ஒரே ஒரு வீரன், ஒரே ஒரு குறை. 'அந்த டீமே ஃபிராடு'ன்னு எழுதினா செல்லாது. வகுப்புக்கு வராத பையன் விஷயத்தில் கேட்க வேண்டியவை: முதல்வர் கையெழுத்தும் போட்டோமேல் முத்திரையும் உள்ள போனஃபைட் (அங்கே படிக்கிறான் என்ற சான்றிதழ்), பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், பிறந்த தேதிக்கான சான்று, இந்த வருடக் கட்டண ரசீது. இந்த நாலையும் நுழைவுப் படிவத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. பெயரின் இனிஷியல், பிறந்த தேதி, சேர்ந்த வருடம், மூணில்தான் வழக்கமா இடிக்கும். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், கவர் கைமாறுவதா யாரோ எடுத்த மங்கலான வீடியோ, இதையெல்லாம் இணைக்காதீங்க. குழு அதைப் பார்த்ததும் 'பகை'ன்னு முடிவு கட்டிடும்.

அட்டெண்டன்ஸ் மட்டும் வச்சு ஆட்டத்தை ரத்து பண்ண முடியாதுன்னு நினைக்கிறேன். 75 சதவீதம் என்பது பரீட்சை எழுத, விளையாட்டுக்குப் போன நாளை வந்த நாளாகக் கணக்கு வைக்கும் ஓ.டி. (ஆன் டியூட்டி) வேற உண்டு. சேர்க்கையே பொய்யா இருந்தாத்தான் டீம் காலி.

கூடலூர் ஏழுபேர்

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், பையன்கள் யாராவது படித்தால் உதவும். பல்கலைக்கழக டீமுக்கு ஆடினால் கிடைப்பது படிவம் 3 சான்றிதழ். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுக்குப் போகும்போது அந்தப் படிவத்தை எடுத்துச் சரிபார்ப்பார்கள். கல்லூரிச் சேர்க்கை, ஆடிய வருடம், வயது, மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அங்கே பொய் தெரிந்தால் ஆட்டத்தோடு முடியாது, வேலையும் போகும், வழக்கும் வரும். புரவலர் சொன்னார் என்று தேதியை மாற்றி எழுதாதீர்கள். பூட்ஸை வாங்கிக்கொள்ளுங்கள், சரியான சைஸ் கேட்டு வாங்குங்கள்.