சொல்லைக் காப்பாற்றினார், காபி கொடுக்கவில்லை: மலையில் பார்த்தவை

கோத்தகிரி அன்பர்:
மனதில் கோபம் வைக்காதே, ஆணையிடாமலே சொன்ன சொல்லில் நில் என்று இயேசு போதித்த மலைப்பிரசங்கத்தைப் (மத்தேயு 5) பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் கதையைச் சொல்கிறேன். சபை மூப்பர். கேரட் பிடுங்குவதற்கு முன்பே ஒரு வியாபாரியிடம் விலை பேசிவிட்டார். எழுத்து இல்லை, அட்வான்ஸ் இல்லை, வாய்ப்பேச்சுதான். பிடுங்குகிற வாரத்தில் மேட்டுப்பாளையம் மண்டியில் விலை எகிறிவிட்டது. மகன் தலையில் அடித்துக்கொண்டான்: "ஒரு ரூபாகூட கைநீட்டி வாங்கலையேப்பா, சத்தியமா பண்ணிக் கொடுத்தீங்க?"

மூப்பர் 15ஆம் சங்கீதத்தை எடுத்தார்: "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்." அப்புறம் சொன்னார்: "நான் ஆணையிடலதான். ஆனா உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கன்னு ஆண்டவரே சொன்னப்புறம் ஆணை என்ன, பேச்சு என்ன?" பேசின விலைக்கே லோடு ஏறியது.

ஆனால் லோடு ஏற்ற வந்த வியாபாரிக்கு அன்றைக்குக் காபி வரவில்லை. இந்தக் குளிரில் அந்த வீட்டில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. மூப்பர் வீட்டு அக்கா என் காதில் மட்டும் சொன்னார்: "ராத்திரி முழுக்க அந்த ஆளைத் திட்டிக்கிட்டே கிடந்தார் தம்பி." இதை எதில் சேர்ப்பது?

குன்னூர் அன்பர்:
கோபத்தைக் கண்டிக்கிற மத்தேயு 5:22ஐத் தள்ளிவிட்டு, உள்ளதை உள்ளதென்று சொல்லச் சொல்கிற 5:37ஐ மட்டும் வைத்துக்கொள்ள முடியாதே. "தன் சகோதரனைப் பகைக்கிற எவனும் மனுஷகொலைபாதகன்" என்று யோவானும் எழுதியிருக்கிறார். மூப்பர் ஒருநாள் அந்த வியாபாரியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும்.

கொடைக்கானல் அன்பர்:
அவ்வளவு கறாராகச் சொல்லாதீர்கள். உள்ளே எழும்புகிற உணர்ச்சி தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்றுதான் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி சொல்கிறது. அதற்கு மனம் தெரிந்தே இடம்கொடுத்து வளர்க்கும்போதுதான் பாவம். ராத்திரி முழுக்க என்றால் கொஞ்சம் இடம் கொடுத்துத்தான் இருக்கிறார், அது வேறு விஷயம்! நாங்கள் திருப்பலியில் பாவங்களை அறிக்கையிட்டு "சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும்" என்று சொல்லும்போது சிந்தனைதானே முதலில் வருகிறது.

வாக்கு விஷயத்தில் என் அத்தை கதை வேறு. பேரன் பிழைத்தால் இங்கே கொடைக்கானலில் ஆகஸ்ட் 15 சலேத் மாதா கோயில் திருவிழாவுக்குப் பெருமாள்மலையிலிருந்து நடந்தே வருவதாக நேர்ந்திருந்தார். பேரன் பிழைத்தான், அத்தையின் முழங்கால் போய்விட்டது. மாதாவை ஏமாற்றிவிட்டோம் என்று சாப்பாடுகூட இறங்கவில்லை. பங்குச் சாமியார்தான் தெளிவுபடுத்தினார்: தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தகுந்த காரணம் இருந்தால் விடுவிக்கப் பங்குக்குருவுக்கு அதிகாரம் உண்டு, 1983 திருச்சபைச் சட்டத்தில் 1196ஆம் விதி. அதற்கு ஈடான அல்லது மேலான வேறொரு நற்செயலாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளவும் 1197 இடம் தருகிறது. அத்தை அந்த வருஷம் நடந்து வருகிறவர்களுக்குச் சுக்குக்காபி போட்டுக் கொடுத்தார்.

குன்னூர் அன்பர்:
எங்கள் சபையில் நேர்ச்சை வழக்கம் குறைவு. நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைவிட "நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" என்று பைபிளில் பிரசங்கி புத்தகத்திலேயே இருக்கிறதே. ஆனாலும் அத்தை செய்ததில் எனக்குக் குறை தெரியவில்லை.

ஊட்டி அன்பர்:
எங்கள் வீட்டுக்கு வருகிற எலக்ட்ரீஷியன் எதற்கெடுத்தாலும் "இயேசப்பா மேல சத்தியமா நாளைக்கு வந்துர்றேன்" என்பார், வரமாட்டார். போன மாதம் பாட்டி மறித்தார்: "அவர் பேரை விடு தம்பி. என்னைக்கு வருவேன்னு மட்டும் சொல்லு." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாளைக்கு முடியாது பாட்டி, வியாழக்கிழமைதான்" என்றார். வியாழக்கிழமை வந்தார்.