புதுப்பிப்பு: லெமன் சட்டத்தில் கழிவுத் தொகைக் கணக்கு

கலிபோர்னியாவில் புதுக் கார் திரும்பத் திரும்பப் பழுதானால் பணத்தைத் திரும்பப் பெற உதவும் லெமன் சட்டம் பற்றிய என் முந்தைய இழைக்கு ஒரு திருத்தம். பணத்தைத் திருப்பித் தரும்போது ஓட்டிய தூரத்துக்காகக் கம்பெனி பிடித்துக்கொள்ளும் கழிவை இன்றைய ஓடோமீட்டரை வைத்துப் போடக் கூடாது. அந்தப் பழுதுக்காக முதன்முதலில் சர்வீசுக்கு விட்ட நாளின் மைலைத்தான் எடுக்க வேண்டும். அதை 1,20,000-ஆல் வகுத்து, கார் விலையால் பெருக்குங்கள். விலை 42,000 டாலர், அன்று 6,000 மைல் என்றால் கழிவு 2,100 டாலர். இன்றைய 21,000 மைலைப் போட்டால் 7,350!

அதனால் முதல் ரிப்பேர் ஆர்டரைப் பத்திரப்படுத்துங்கள். ‘பழுது எதுவும் தெரியவில்லை’ என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தாலும், தேதி, மைல், நீங்கள் சொன்ன குறை மூன்றும் எழுதிய தாளை வாங்காமல் வெளியே வராதீர்கள். வாய்ப்பேச்சு எடுபடாது.

பழுதுபார்க்க 30 நாளுக்கு மேல் நின்ற காரும் பொதுவாக இந்தச் சட்டத்தில் வரும் என்ற விஷயம்: அந்த நாள்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, ஒர்க்‌ஷாப்பில் கிடந்த நாள்களைக் கூட்டினால் 30-ஐத் தாண்டினால் போதும்.