அசையும் பேஷன்ட்டுக்கு மூளை எம்ஆர்ஐ: நேரத்தை எங்கே வெட்டலாம்

படுத்த இடத்தில் இருக்காத பேஷன்ட் என்றால் முதலில் டிஃப்யூஷன் சீக்வென்ஸை (நீர் மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் படவரிசை) போட்டுவிடுவது நல்லது. ஒற்றை ஷாட் ஈபிஐ-யில் (ஒரே அடியில் முழுப் படத்தையும் எடுக்கும் வேக முறை) ஒரு ஸ்லைஸுக்குச் சுமார் 100 மில்லி செகண்டுதான். தலை ஆடினாலும் பெரும்பாலும் படம் தேறிவிடும். பக்கவாதமா என்ற கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே வந்துவிடும். அடுத்து ஃப்ளேர் (மூளை நீரைக் கருப்பாக்கிக் காட்டும் படம்), பிறகு ரத்தக்கசிவுக்கு ஜிஆர்ஈ (கசிந்த ரத்தத்தைக் கருப்பாகக் காட்டும் படம்). அதற்கான 2-3 நிமிடம் தாங்காதவருக்கு ஈபிஐ வகை டி2 ஸ்டார் (அதே வேலையை வேகமாகச் செய்யும் வகை). அதுவும் முடியாவிட்டால் டிஃப்யூஷனின் பி-0 படத்தை (டிஃப்யூஷன் விளைவு சேர்க்காத அடிப்படைப் படம்) பாருங்கள். பெரிய கசிவு தெரியும், நுண்கசிவு இல்லை என்று மட்டும் அதை வைத்துச் சொல்லக் கூடாது. நுண்கசிவைக் காட்டும் எஸ்டபிள்யூஐ கடைசியில், அது 3டி சீக்வென்ஸ். 3டி சீக்வென்ஸில் நடுவில் ஒருமுறை தலை திரும்பினால் மொத்த வால்யூமும் போச்சு.

—

டி2-க்கு ஒரு கணக்கு. டிஆர் (ஒரு சுற்றுக்கான நேரம்) 4000 மில்லி செகண்ட், ஃபேஸ் (படத்தின் வரிகள்) 256, டர்போ ஃபேக்டர் (ஒரு சுற்றில் எடுக்கும் வரிகள்) 16, நெக்ஸ் (எத்தனை முறை எடுப்பது) 2 என்றால் 128 செகண்ட். ஆக்ஸியலில் (குறுக்கு வெட்டு) ஃபேஸ் திசை வலம்-இடம். தலை அந்தப் பக்கம் குறுகல் என்பதால் எஃப்ஓவி-யை (படம் பிடிக்கும் பரப்பு) 75% ஆக்கலாம். 256 வரி 192 ஆகும், ரெசல்யூஷன் குறையாது. நெக்ஸை 1 ஆக்கினால் மொத்தம் 48 செகண்ட். எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் அளவு) ஏறக்குறைய 40% இறங்கும். 3 டெஸ்லாவில் சமாளிக்கலாம், 1.5-ல் ஸ்லைஸை 5 மி.மீ.-லிருந்து 6 ஆக்க வேண்டிவரும். அகலத் தலைக்காரர்களுக்குக் காது படத்தில் மடிந்து எதிர்ப்பக்கம் விழும். அதற்காக ஓவர்சாம்பிளிங் (பரப்புக்கு வெளியேயும் சேர்த்து எடுப்பது) சேர்த்தால் மிச்சம் பிடித்த நேரம் அதிலேயே கரைந்துவிடும்.

—

சார், தலை ஆடுபவருக்கு ப்ரொப்பெல்லர் (அசைவைத் திருத்தும் எடுப்பு முறை) போட்டால் போதாதா?

—

எல்லா ஆட்டத்துக்கும் போதாது தம்பி. ப்ரொப்பெல்லர், பிளேட், மல்டிவேன் எல்லாம் ஒரே சரக்குதான். ஸ்லைஸின் தளத்துக்குள் நடக்கும் அசைவைத்தான் திருத்தும். "இல்லை" என்று தலையாட்டுபவருக்கு ஆக்ஸியலில் அருமையாக வேலை செய்யும். "ஆமாம்" என்று ஆட்டுபவருக்கு ஸ்லைஸே இடம் மாறிவிடுகிறது, அவருக்கு சாஜிட்டலில் (பக்கவாட்டுத் தோற்ற வெட்டு) போட்டுப் பாருங்கள். சாதாரண டர்போவைவிட நேரமும் கூடுதல், அதையும் யோசிக்க வேண்டும். ஷன்ட் (மூளை நீரை வடிக்கும் குழாய்) வைத்த குழந்தைக்கு வென்ட்ரிகிள் (மூளைக்குள் இருக்கும் நீர் அறை) அளவு மட்டும் தெரிந்தால் போதுமென்றால் ஹேஸ்ட் (ஒற்றை ஷாட் டி2) போதும். ஸ்லைஸ் ஒன்றுக்கு ஒரு செகண்டுக்கும் குறைவு, முழு மூளையும் அரை நிமிடத்துக்குள். சின்னப் புண்கள் அதில் தப்பிவிடும்.

—

சீக்வென்ஸைத் தொடும் முன் சிறுநீர் கழிக்க வைத்தீர்களா, முழங்காலுக்கடியில் குஷன் வைத்தீர்களா என்று பாருங்கள். பாதிப் பேர் நெளிவது முதுகுவலியால்தான். காதில் பிளக், தலையின் இரு பக்கமும் இடைவெளி இல்லாமல் ஃபோம். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, தூங்கிய பிறகு ஏற்றுங்கள். இது மயக்க மருந்து இல்லாத ஸ்கேனுக்கு மட்டும். மருந்து உண்டென்றால் தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், மாட்டுப்பாலுக்கு 6 மணி நேரம் இடைவெளி கட்டாயம்.

மயக்கத்தில் 100% ஆக்சிஜன் போகும்போது எடுத்த ஃப்ளேரில் மூளை மடிப்புகளுக்கிடையே நீர் வெள்ளையாகத் தெரியலாம். ரத்தக்கசிவு, மூளைக்காய்ச்சல் என்று ரிப்போர்ட் போய்விடாமலிருக்க, ஆக்சிஜன் கொடுத்ததை ரெக்வெஸ்ட் படிவத்திலேயே எழுதி ரேடியாலஜிஸ்ட்டுக்கு அனுப்புங்கள்.